தோட்டாவின் விலையும் பிள்ளையின் தோளும்

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளில் என் முன்னாள் மாணவன் ஒருவன் பங்கேற்று வருகிறான். நானும் சில ஆண்டுகள் அவ்விளையாட்டில் ஈடுபட்டவன் என்பதால், அவன் தந்தை அண்மையில் என்னிடம் கேட்டார்: “ஐயா, விலை கூடிய தோட்டா வாங்கிக் கொடுத்தால் பையன் வென்றுவிடுவான் அல்லவா?”

இல்லை என்பதே என் கருத்து.

ஒலிம்பிக் முறை டிராப், ஸ்கீட் போட்டிகளில் ஒரு தோட்டாவிலுள்ள சன்னங்களின் எடை 24 கிராமை மிஞ்சக்கூடாது என்பது விதி. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே அளவுதான். எஞ்சியிருப்பது பொருத்தம் ஒன்றே. டிராப்பில் தட்டு நம்மைவிட்டு விலகிப் பறக்கும். தொலைவிலும் விசை குன்றாதிருக்க, ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் பருமனுள்ள ஏழரை எண் சன்னம் ஏற்றது. ஸ்கீட்டில் தட்டு அருகிலேயே குறுக்காகக் கடக்கும். அங்கே 2 மில்லிமீட்டர் அளவுள்ள 9ஆம் எண் சன்னம் போதும். சிறியவை ஆதலால் எண்ணிக்கை கூடும், இடைவெளி குறையும்.

அதே எடையில் வேகம் கூடினால் தோளில் உதையும் கூடும். டிராப் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். நூறாவது தட்டுக்குள் தோள் அஞ்சத் தொடங்கினால், விலையுயர்ந்த தோட்டாவால் என்ன பயன்?

பெற்றோர்களே, மாதந்தோறும் தோட்டாவை மாற்றுவது, தேர்வு நெருங்கும் வேளையில் பயிற்சி நூலை மாற்றுவதற்கு ஒப்பாகும். விதிக்கு உட்பட்ட, பிள்ளையின் தோள் தாங்கும் தோட்டா ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சியிலும் போட்டியிலும் அதையே பயன்படுத்தச் செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில சுற்றுகள் சுடட்டும்.

தோல்விக்குத் தோட்டாவைக் குறைகூறப் பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுக்கலாமா? சிந்திப்போம்.