குதிக்கச் சொன்னவன் யார்?



பிரசங்கிகளாகிய எங்களுக்குப் பிடித்தமான ஓர் உவமையைக் குறித்து இந்த வாரம் எழுத விரும்புகிறேன். செங்குத்தான மலையின் விளிம்பில் ஒருவன் நிற்கிறான். முதுகில் ஒரு பை. கைகளை விரித்து ஒரே எட்டில் பள்ளத்தாக்கினுள் பாய்ந்துவிடுகிறான். இத்தகைய காட்சியைக் கைப்பேசியில் உங்கள் பிள்ளைகள் உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடும். “விசுவாசம் என்பது இதுதான், யோசியாதே, கணக்குப் பாராதே, குதி, தேவன் தாங்குவார்” என்று பீடத்திலிருந்து சொல்லுகிறோம். சபையாரும் “அல்லேலூயா” என்கிறார்கள்.

இந்த உவமையை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. வேதத்தின்படி அது சரியா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலாவது, அது அந்தக் குதிக்கிறவர்களைக் குறித்தே பொய் சொல்லுகிறது.

அந்தச் சாகசத்திற்கு ‘பேஸ் ஜம்பிங்’ என்று பெயர். பில்டிங், ஆண்டெனா, ஸ்பான், எர்த் என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. அதாவது கட்டிடம், கோபுரம், பாலம், மலை. விமானத்தின் உதவியின்றி, நிலையாய் நிற்கும் ஒன்றின் மேலிருந்து பாராசூட்டோடு குதிப்பது. அமெரிக்கரான கார்ல் போனிஷ் என்ற படப்பிடிப்பாளர் 1978 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து சிலர் குதித்ததைப் படமாக்கினார். இன்றைய பேஸ் ஜம்பிங் அங்கிருந்தே வளர்ந்தது என்பர்.

விமானத்திலிருந்து குதிக்கிறவர், தேர்ந்தவராயிருந்தாலும், தரையிலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்திலேயே குடையை விரித்துவிடுவார். அவர் முதுகில் இரண்டு குடைகள் இருக்கும்; முதலாவது விரியாவிட்டால் இரண்டாவது. இனி, அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஸ்நேக் ஆற்றின் மேலுள்ள பெரைன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் 148 மீட்டர். அதிலிருந்து விழும் ஒரு பொருள் ஏறக்குறைய 6 வினாடிகளில் தண்ணீரைத் தொட்டுவிடும். இரண்டாம் குடையை விரிக்க அங்கே நேரம் ஏது? ஆகையால் பேஸ் ஜம்பிங் செய்கிறவர்கள் பொதுவாக ஒரே ஒரு குடையைத்தான் சுமக்கிறார்கள்.

ஒரே குடை என்பதால் அதைக் குறித்த கவனம் பன்மடங்காகிறது. பெரிய குடையைப் பையிலிருந்து வெளியே இழுப்பது, குதிக்கிறவர் கையால் வீசும் ஒரு சிறு குடை. விமானத்திலிருந்து குதிப்பவர் அதிவேகமாய் விழுவதால், காற்றின் விசையே அவருடைய சிறு குடைக்குப் போதுமானது. பாலத்திலிருந்து குதிப்பவருக்கு அந்த வேகம் இன்னும் வந்திராது. ஆகவே அவருடைய சிறு குடை விட்டத்தில் ஒரு மீட்டரையும் தாண்டும். குதிக்கும் உயரத்திற்கேற்ப அதன் அளவை மாற்றுவார்கள். கயிறுகளை ஒன்றுசேர்த்து, குடை படீரென்று விரியாமல் தடுக்கும் சதுரத் துணி ஒன்று உண்டு. தாழ்வான இடங்களில் குடை விரைந்து விரியும்படி அதைக் கீழே இறக்கிவைப்பார்கள் அல்லது கழற்றிவிடுவார்கள். உயரத்தை லேசர் கருவியால் அளப்பார்கள். குடையை மடிப்பதற்கே புதியவர் ஒருவருக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். மடிப்பில் இடமும் வலமும் ஒத்திராவிட்டால் குடை திரும்பிக்கொண்டு விரியலாம். மலையிலிருந்து குதித்தவன், விரிந்த குடையோடு அந்த மலையின் மேலேயே மோதுவான்.

“கணக்குப் பாராதே” என்று எந்த வாயால் நாம் சொன்னோம்? இவர்கள் ஒரு முழத்தையும் கணக்குப் பார்க்காமல் விடுகிறதில்லை.

கற்பிக்கும் முறையையும் கேளுங்கள். “எனக்குக் கற்றுக்கொடுங்கள்” என்று வரும் வாலிபனை அவர்கள் உடனே விளிம்புக்கு அழைத்துச் செல்லுவதில்லை. முதலில் விமானத்திலிருந்து குதித்துப் பழகும்படி அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து முறை, பத்து முறை என்றல்ல, இருநூறு முறையளவும் குதித்துவிட்டு வா என்பதே பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. எதற்காக இத்தனை முறை? குடையை நினைத்த இடத்தில் இறக்கவும், அது கோணலாய் விரிந்தால் யோசிக்க நேரமின்றியே கைகள் சரியானதைச் செய்யவும் பழக வேண்டும் என்பதற்காக. அதன்பின்பே முதற்பயிற்சி, அதுவும் பெரும்பாலும் பாலத்தில்தான், பாலத்திற்குக் கீழே மோதுவதற்குப் பாறை இல்லை என்பதனால். பெரைன் பாலம் அப்படிப்பட்ட பயிற்சிக்குப் பேர்போன இடம்.

அந்த முதற்குதிப்பில் ஒரு வழக்கம் என் மனதைத் தொட்டது. புதியவர் பாலத்தின் கம்பிக்கு அப்பால் நிற்கும்போது, அனுபவமுள்ள ஒருவர் பின்னால் நின்று அந்தச் சிறு குடையைத் தம் கையில் பிடித்துக்கொள்ளுகிறார். புதியவர் விழ விழக் கயிறு நீண்டு, பெரிய குடை பையை விட்டு வெளியே வந்தபின்பே அது இவருடைய கையை விட்டுப் போகிறது. பயத்தில் புதியவர் வீச மறந்துவிட்டாலும் குடை விரியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டினார்களே, அது என் நினைவுக்கு வந்தது. அப்பொல்லோ வாக்கில் வல்லவன், ஆவியில் அனலுள்ளவன். ஆனாலும் அவனுக்குப் பின்னால் இருவர் நிற்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று, சமூகமாய் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புத்தி. அறியாத இடத்திற்குப் போனால் முதலில் அவ்விடத்தில் குதித்துப் பழகியவர்களைத் தேடிப் பேசு. காற்று எந்நேரம் திரும்பும், இறங்குமிடம் யாருடைய நிலம் என்பது அவர்களுக்கே தெரியும். சுவிட்சர்லாந்தின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் குதிக்கிறவர்கள் பணம் செலுத்தி ஓர் அட்டை வாங்குகிறார்கள். மிதிபடும் புல்லுக்கு ஈடாக அந்தத் தொகை விவசாயிகளைச் சேருகிறது. மாட்டுக்கென்று வளர்த்த புல்லில் இறங்காதே என்பதும் அங்கே கட்டளை. ஒருவன் செய்யும் அத்துமீறல் எல்லாருக்கும் வாசலை அடைத்துவிடும் என்பதை அவர்கள் பட்டு அறிந்தவர்கள். எல் கேப்பிட்டனில் 1980-ல் அதிகாரிகள் அனுமதிச் சீட்டுடன் குதிக்க இடங்கொடுத்தும், அது சில வாரங்களிலேயே நின்றுபோனது. விதிகளை மதியாத சிலர் அதற்கு ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் மேலாக நான் மதிப்பது ஒன்று. மணிக்கணக்காய் மலையேறி, விளிம்பில் நின்று, காற்று சரியில்லை என்று கண்டு, அல்லது மனம் ஒப்பவில்லை என்று உணர்ந்து, பையோடு நடந்தே கீழே இறங்கி வருகிறவனை அவர்கள் கோழை என்று சொல்லுவதில்லை. “நாளைக்கும் மலை அங்கேயே இருக்கும்” என்ற எண்ணத்தோடு அவனை ஏற்றுக்கொள்ளுகிறார்கள். “இன்றைக்கு வேண்டாம், வா, இறங்குவோம்” என்று சொல்லத் துணிகிறவனே நல்ல தோழன்.

விழுந்தவர்களை அவர்கள் மறைப்பதும் இல்லை. 1981 முதல் இவ்விதம் மரித்தவர்களின் பட்டியலை அவர்களே எழுதிவருகிறார்கள். அது நானூறைத் தாண்டிவிட்டது. பெயர், இடம், நாள் என்பதோடு, என்ன தவறு நேர்ந்தது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். மரித்தவரை இழிவுபடுத்த அல்ல, பின்னே வருகிறவன் அதே பள்ளத்தில் விழாதிருக்க. நம்முடைய வேதாகமமும் இவ்வாறே எழுதப்பட்டது என்பதை மறந்துவிடாதிருங்கள். நோவாவின் வெறி, தாவீதின் பாவம், பேதுருவின் மறுதலிப்பு, ஒன்றையும் ஆவியானவர் மறைக்கவில்லை. பவுலின் நீண்ட பிரசங்கத்தில் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்த ஐத்திகுவின் பெயரும் இருக்கிறது. (பிரசங்கிகளுக்கும் அதில் ஒரு புத்தி உண்டு.) நம்முடைய சாட்சிக் கூட்டங்களிலோ பிழைத்தவர்களின் கதை மட்டுமே கேட்கப்படுகிறது.

இவ்வளவும் எழுதியதால் அந்தச் சாகசத்தை நான் பரிந்துரைக்கிறேன் என்று எண்ணவேண்டாம். நார்வேயின் ஷெராக் மலையில் 1995 முதல் 2005 வரை 11 ஆண்டுகளில் நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 9 பேர் மரித்திருந்தார்கள். ஏறக்குறைய 2,317 குதிப்புகளுக்கு ஓர் உயிர். அதுவும் உயரமான, நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட ஓர் இடத்தில். கார்ல் போனிஷும் 1984 ஜூலையில் நார்வேயின் ட்ரோல்வெக்கன் மலைப்பகுதியில் மனைவி ஜீனோடு சாதனைக் குதிப்பு ஒன்றை நிகழ்த்திய சில நாட்களுக்குள், அங்கேயே வேறோர் இடத்திலிருந்து குதித்து மாண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அரசாங்கம் அங்கே குதிப்பதைத் தடைசெய்தது. கவனமுள்ளவர்களும் மரிக்கிறார்கள். தேவன் தந்த ஒரே ஜீவனை ஒரு சிலிர்ப்புக்காக இப்படிப் பணயம் வைப்பது தகுமா என்று என்னைக் கேட்டால், தகாது என்றே சொல்லுவேன். ஆனால் இவ்வளவு ஆபத்தானதைச் செய்கிறவர்களே இவ்வளவு எச்சரிக்கையாயிருக்க, எச்சரிக்கையை அவிசுவாசம் என்று நாம் அழைப்பது எப்படி?

இப்போது வேதத்திற்கு வருவோம். பரிசுத்த வேதாகமத்தில் உயரத்திலிருந்து குதிக்கும்படி ஒருவருக்குச் சொல்லப்பட்ட இடம் மத்தேயு 4-ம் அதிகாரத்தில் இருக்கிறது. சொன்னவன் பிசாசு. அவன் வசனத்தோடுதான் வந்தான். 91-ம் சங்கீதத்தையே எடுத்துப் பேசினான். தூதர்கள் தாங்குவார்கள் என்பதைச் சொன்னவன், மனுஷன் நடக்கும் வழிகளைப் பற்றி அங்கே எழுதியிருப்பதை விட்டுவிட்டான். நம்முடைய ஆண்டவர் என்ன செய்தார்? தேவாலயத்து உப்பரிகையிலிருந்து அவர் குதிக்கவில்லை. பிதாவைப் பரீட்சை பார்க்க மறுத்தார். அன்று அவருக்கு விசுவாசம் குறைவுபட்டிருந்தது என்று யார் சொல்லுவார்கள்?

நான் இதை எழுதுவதற்குக் காரணம் மலைகள் அல்ல. நம்மிடையே ஒருவரும் ஷெராக் மலைக்குப் போகப்போவதில்லை. ஆனால் சுகமளிக்கும் கூட்டம் முடிந்து வீடு திரும்பி, சர்க்கரை நோய்க்கான ஊசியை ‘விசுவாசத்தோடு’ நிறுத்தினவர்கள் உண்டு. மூன்று மாதத்திற்கு முன் ஞானஸ்நானம் பெற்ற தம்பியை, நன்றாய்ப் பாடுகிறான் என்பதற்காக மேடையேற்றி, ஊழியத்திற்கென்று வேலையை விடச்சொல்லுகிற சபைகள் உண்டு. அவனுடைய மனைவி மாதக் கடைசியில் யாரிடத்தில் கடன் கேட்கிறாள் என்பதை அந்த மேடை அறியாது. வீட்டின்மேல் கடன் வாங்கிக் காணிக்கை கொடுத்தவர்கள் உண்டு. இவர்களை விளிம்புக்குக் கொண்டுவந்தது எது? “குதி” என்று நாம் சொன்ன அந்த உவமைதான். பின்னால் நின்று சிறு குடையைப் பிடித்தவர் யார்? ஒருவருமில்லை. விழுந்தபின், “அவருக்கு விசுவாசம் போதவில்லை” என்று சொல்லிக் கடந்துபோகிறோம். இது அன்புமல்ல, ஊழியமுமல்ல.

தேவன் அழைத்தால் புறப்பட வேண்டாமா என்று கேட்பீர்கள். புறப்பட வேண்டும். ஆபிரகாம் போகுமிடம் அறியாமல் புறப்பட்டான், பேதுரு படவை விட்டுத் தண்ணீரில் இறங்கினான். அழைத்தவர் கர்த்தர் என்பது இருவருக்கும் தெரியும். பேதுருவோ, “நீரேயானால்” என்று கேட்டு, பதிலைப் பெற்றபின்பே காலை வைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்க நாம் நம்முடைய ஜனங்களுக்கு நேரம் கொடுக்கிறோமா? மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்படி மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது. கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல். புதிதாய் விசுவாசித்தவனைக் கண்காணியாக்க வேண்டாம் என்று பவுல் எழுதியதும், தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கு மருந்து சொன்னதும் இதே சுவரின் கற்கள்தான்.

ஆகையால் சபை மூப்பர்களோடு பேசி, ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியிருக்கிறோம். வேலையை விடுவது, மருந்தை நிறுத்துவது, வீட்டையோ நகையையோ விற்றுக் கொடுப்பது, இவற்றில் எதையாகிலும் செய்யும்படி ஏவப்படுவதாக உணருகிறவர்கள், அதைச் செய்யுமுன் இரண்டு மூப்பர்களோடு உட்கார்ந்து பேசி ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். மருந்தைக் குறித்தானால் உங்கள் மருத்துவரிடமும் கேளுங்கள். புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் முடிந்தபின் நானும் இரண்டு மூப்பர்களும் ஆலயத்தில் காத்திருப்போம். முன்னறிவிப்பு வேண்டியதில்லை. ஏற்கெனவே குதித்துக் காயப்பட்டவர்களும் வரலாம். உங்களை யாரும் கடிந்துகொள்ளமாட்டார்கள். உங்களுக்கு மனமிருந்தால், பெயரில்லாமல் உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள். அடுத்த மாத வாலிபர் கூட்டத்தில் அதை வாசிப்போம்.