பாட்டியாக வந்தவர்



போன வாலிபர் கூட்டம் முடிந்து ‘மினாரி’ படம் பார்த்தோம். அமெரிக்காவில் பிழைக்கப் போன கொரியக் குடும்பம், அந்தச் சின்ன ஊர்ச் சபை எல்லாம் நம் வீட்டுக் கதை மாதிரியே இருந்தது. பாட்டிக்குப் பக்கவாதம் வந்து பேச்சுக் குழறும் இடத்தில், நர்ஸ் வேலை பார்க்கிற நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வார்டில் பார்ப்பது அப்படியேதான்!

அந்தப் பாட்டி யூன் யோ-ஜோங். 1971இல் ‘ஜாங் ஹுய்-பின்’ என்ற டிவி தொடரில் பொல்லாத அரசியாக நடித்துப் பேர் வாங்கியவர். அப்புறம் கல்யாணம், அமெரிக்கா, இரண்டு பையன்கள். 1980களில் கொரியா திரும்பி விவாகரத்தானபோது, ‘இவரை டிவியில் காட்டாதீர்கள்’ என்று நேயர்கள் போன் செய்தார்களாம். பையன்களுக்குச் சோறு போட வேண்டுமே. கிடைத்த சின்னச் சின்ன வேடமெல்லாம் நடித்தார். 2021இல், 73 வயதில், ஆஸ்கர் மேடையில் நின்று, தன்னை வேலைக்குத் துரத்திய மகன்களுக்குச் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கொரியர் அவர்தான்.

படம் முடிந்ததும் ஒரு தங்கை கேட்டாள்: “நம்ம பாடகர் குழுவில இருந்த அக்கா ஏன் இப்போ வர்றதில்ல?” யாரும் வாய் திறக்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகு அவர் கடைசி வரிசைக்குப் போனார், பிறகு வரவேயில்லை. வராதே என்று நாங்கள் சொல்லவில்லைதான். ஆனால் ஒரு வருஷமாக ஒரு போன்கூடப் போடவில்லை.

ஆல்ட்டோவில் அவர் இடம் இன்னும் காலி. இந்தச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போகிறோம்.