பேரீச்சம்பழம் வாங்குமுன் மூன்று கேள்விகள்



அன்னூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சமீபத்தில் போன் செய்தார். "ஏனுங்கண்ணா, பேரீச்சங்காய் கிலோவுக்கு அம்பது ரூபாய் குறைச்சுத் தர்றங்கறாங்க. நாலு மூட்டை வாங்கிப் போட்டுட்டுங்களா?" என்றார். "பில் உண்டா தம்பி?" என்று கேட்டேன். "பில் இல்லீங்கண்ணா, ரொக்கம்ங்க" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்பதை நம் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் தகப்பனாரோடு ரங்கே கவுடர் வீதியில் உட்கார்ந்த காலத்தில் பழம் ஓலைப்பாயில் கட்டி அமுக்கி வரும். பெரும்பாலும் ஈராக் சரக்கு. அதில் பாதி மளிகைக் கடைக்குப் போகாது, தள்ளுவண்டிக்காரர்கள்தான் வாங்குவார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருத்தெருவாகக் கூவிக் கொடுத்துவிட்டு, வந்த இரும்பைக் காயலாங்கடையில் போடுவார்கள். அது பீளமேடு, கணபதி பவுண்டரிகளில் உருகி மோட்டார் பம்பாகும். பாஸ்ராவின் பழத்துக்கும் கோவையின் பம்புக்கும் அப்படியொரு கணக்கு இருந்தது.

1980 முதல் 1988 வரை ஈரான், ஈராக் சண்டை நடந்தது. ஷத் அல் அராப் ஆற்றங்கரைத் தோப்புகள் அழிந்தன. 1990ல் ஈராக் மீது பொருளாதாரத் தடை வந்தது. சரக்கு மாறியது, விலையும் மாறியது. இந்தப் பழத்தின் விலை நம் வீதியில் முடிவாவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

நம் நாட்டில் விளையாதா என்று கேட்பீர்கள். விளைகிறது. குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் முந்த்ரா பக்கம் தோப்பு தோப்பாக இருக்கிறது. 2024ல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் தருமபுரி அரியாகுளத்திலும் திசு வளர்ப்புக் கன்று வைத்துப் பலன் எடுக்கிறார்கள். ஆனால் பேரீச்சை பழுத்துக் கனியும் நேரத்தில் மழை ஆகாது. பட்டால் பழம் வெடித்துப் புளித்துவிடும். அதனால் கச்சில் பருவமழைக்கு முந்தி ஜூன், ஜூலையிலேயே மஞ்சளும் சிவப்புமாகப் பறித்துப் பச்சையாக விற்றுவிடுகிறார்கள். ஆகவே டப்பாவில் வைத்து வருஷம் முழுக்க விற்கும் சரக்குக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இனி அந்தத் தம்பியின் மலிவுச் சரக்குக்கு வருவோம். பேரீச்சங்காய் நெடுங்காலம் பெரும்பகுதி பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் அந்நாட்டுச் சரக்குக்கு 200 சதவிகிதச் சுங்க வரி போட்டார்கள். 2025 மே மாதம் நேர்வழியிலும் வராது, வேறு நாடு சுற்றியும் வரக்கூடாது என்று முழுத் தடை வந்தது. அடுத்த மாதமே நவசேவா துறைமுகத்தில் 39 கண்டெய்னர்களை வருவாய்ப் புலனாய்வுத் துறை பிடித்தது. அவற்றில் துபாய் வழியாக ஊர் மாற்றிக் காட்டிய பேரீச்சங்காயும் இருந்தது. பில் இல்லாத மூட்டை இந்த வழியில் வந்ததா என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் வாங்கினோம் என்று சொன்னால் அதிகாரியும் விடமாட்டார், கொடுத்த பணமும் திரும்பாது. பேரீச்சைக்கு 12 சதவிகிதமாக இருந்த ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. இனியும் பில் இல்லாமல் வாங்க என்ன அவசியம்?

அடுத்தது, எந்த வருஷத்து மகசூல் என்று பாருங்கள். அரபு நாடுகளில் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. ரம்ஜான் நோன்போ வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2019ல் நோன்பு மே மாதம் வந்தது. பழத்துக்கு ஏழெட்டு மாத வயது, நம் ஊரிலோ கோடை. நான் ஆசைப்பட்டு இரட்டை லோடு கடனுக்கு எடுத்தேன். பெருநாள் முடிந்த மறுநாள் பாதிச் சரக்கு கிடங்கில் நின்றது. சூட்டில் சாறு கசிந்து புளித்தது. இரண்டு மாத லாபம் அதோடு போயிற்று. யார் மீதும் குறையில்லை, ஆசை என்னுடையது. இனி நோன்பு குளிர்காலத்துக்கு நகர்கிறது. 2030ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு முறை தொடங்கும். புதுச் சரக்கு கையில் இருக்கும் காலம் அது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் அப்போதுதான் வருவார்கள்.

கடைசியாகச் சில்லறைக் கணக்கு. உதாரணத்துக்கு, 10 கிலோ பெட்டி 1,500 ரூபாய் என்று வையுங்கள். கிலோ 180 என்று விற்றால் 300 ரூபாய் லாபம் என்று மனக்கணக்குப் போடுவோம். நசுங்கியது, எடைக்குறைவு, ருசி பார்க்கக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து 400 கிராம் போனால் கைக்கு வருவது 1,728. லாபம் 228. அதிலும் ஒரு கிலோ புளித்து நின்றுவிட்டால் மிச்சம் 48 ரூபாய்தான். கடன் வட்டி இன்னும் கழிக்கவில்லை! ஆகவே பத்துப் பெட்டியாக அடுக்காதீர்கள். இரண்டிரண்டாக எடுத்து, மூடி வைத்து, வெயில் படாமல் விற்றுத் தீருங்கள். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிக்கு இது பிடிக்காத யோசனைதான். ஆனால் சில்லறைக் கடை நின்றால்தான் எங்கள் கடையும் நிற்கும்.

எந்த ஊர்ச் சரக்கு? எந்த வருஷத்து மகசூல்? பில் உண்டா? இந்த மூன்றையும் என்னிடமும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனால் முதலுக்கே மோசம் வந்துவிடும்.