பரணிலிருந்து இறங்கிய விமானம்!

சனிக்கிழமை ராத்திரி 11:40 மணி. ஏழு கால்களும் குழியில் உட்கார்ந்துவிட்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டாவதை வைத்தேன். மூன்றாவது வெளியே வந்தது. மூன்றாவதைத் தள்ளினேன். முதலும் ஆறாவதும் சேர்ந்து சாய்ந்தன. மேல் இறக்கை மொத்தமாக வழுக்கி, என் மடியில் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு அம்மா எட்டிப்பார்த்தார்.

"ஏண்டி, இன்னும் தூங்கலையா? என்னது அது, பூச்சியா?"

"ஏரோப்ளேன்மா."

"எட்டுக் கால் இருக்கு?"

நியாயமான கேள்விதான். போன வாரம் ஓடாத சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப்போட்ட கதையைப் படித்துவிட்டு, 'அடுத்து எதை உடைக்கப்போறீங்க?' என்று கேட்டிருந்தீர்கள். இதைத்தான்.

திருச்சி உறையூரில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் கிளையில் காய் தொங்குவதைப்போல விமானத்தின் பாகங்கள். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால், முதல் உலகப்போர் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம் எஸ்.இ.5ஏ கையில் இருக்கும். 72-ல் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் ஆறடி மனிதர் ஓர் அங்குலம். நிஜத்தில் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இறக்கை, இதில் 11 சென்டிமீட்டர். உங்கள் கையில் இருக்கும் செல்போனைவிடச் சின்னது.

பெட்டி என் மாமாவுடையது. மும்பையில் வேலைக்குப் போன புதிதில், 1999-ல் வாங்கியிருக்கிறார். அதற்கு முந்தைய டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை, இந்திர லால் ராயின் நூற்றாண்டுக்காக ஒரு தபால்தலை வெளியிட்டது. ஸ்டாம்ப் சேர்க்கும் மாமா, அதைப் பார்த்துத்தான் 'யார் இவர்?' என்று தேட ஆரம்பித்தாராம்.

கொல்கத்தாவில் 1898-ல் பிறந்து, லண்டனில் படித்த பையன் ராய். பார்வை சரியில்லை என்று முதலில் விமானப்படையில் சேர்க்க மறுத்துவிட்டார்களாம். தன் மோட்டார் பைக்கை விற்று, பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் காட்டி, மறுபடி போய் நின்றாராம். இது மாமா அடிக்கடி சொல்லும் கதை. 1917 டிசம்பரில் எஸ்.இ.5ஏ விமானத்தோடு விழுந்து அடிபட்டு, படுக்கையில் விமானங்களாக வரைந்து தள்ளியிருக்கிறார். 'நீ இனி பறக்கத் தகுதியில்லை' என்றதை எதிர்த்து மேல்முறையீடு செய்து, திரும்பி வந்தார். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வான்வெற்றிகள். அதே ஜூலை 22-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19. என்னைவிட ஆறு வயது சின்னவர்.

மாமா பாதியில் விட்டதற்குக் காரணம், அந்த எட்டுக் கால்கள்தான். இரண்டடுக்கு இறக்கை விமானத்தில் மேல் இறக்கையைத் தாங்கும் பந்தக்கால்கள் அவை. உடம்பின் மேல் நான்கு, பக்கத்துக்கு இரண்டாக வெளியே நான்கு.

"தூக்கிப் போட்டுடும்மா. அது உருப்படாத கேஸ்" என்றார் போனில். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல... நீ செய்யறதா இருந்தா செய். அடுத்த மாசம் கண் செக்கப்புக்குச் சென்னை வரேன். கண்ணு தெரியும்போதே பார்த்துடுறேன்" என்று சிரித்தார். மாமாவுக்கு க்ளாக்கோமா. பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. சொட்டு மருந்து போட்டு, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சிரிப்பு எனக்கு வரவில்லை.

ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு கிட். உடைந்தால் மாற்றுப் பாகம் கிடையாது. நாலு வாரம் டைம். நான் இதற்கு முன் ஒட்டிய ஒரே பொருள், உடைந்த காபி கப்.

முதல் தப்பை முதல் வாரமே செய்தேன். மாமா அந்தக் காலத்தில் நடுவில் வரும் நான்கு கால்களையும் சூப்பர் க்ளூ போட்டுக் கோணலாக ஒட்டிவைத்திருந்தார். வெட்டியெடுத்த பிறகும் பழைய பசை கல் மாதிரி நின்றது. நெயில் பாலிஷ் ரிமூவர் சூப்பர் க்ளூவைக் கரைக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். கரைத்தது. கூடவே விமானத்தின் முதுகையும் கரைத்தது. அதிலிருக்கும் அசிட்டோனுக்கு, இந்த வகை பிளாஸ்டிக் பாயசம் மாதிரி. காலை ஷிஃப்டில் மணிக்கு ஆறு செய்தி போடுகிற எனக்கு, 'எடிட்' பட்டன் இல்லாத வேலை என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

வழி இருந்தது. தொடாமல் இரண்டு நாள் காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் இழுத்துக்கொண்டு வரும். பிறகு சூப்பர் க்ளூவில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் குழைத்துப் பள்ளத்தில் அப்பினேன். சீக்கிரமே இறுகிவிடும், உப்புத்தாளில் வழவழப்பாகத் தேய்க்கவும் வரும். மறுபடி அளந்து, ஊசிமுனை துரப்பணத்தால் புதுசாக நாலு குழி. இப்போது எங்கள் வீட்டு விமானத்தின் முதுகில் லேசாக மல்லிகை வாசம்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது விமானத்தின் அடிவயிற்றில் ஒன்றைக் கண்டேன். கைரேகை. பிளாஸ்டிக்குக்கான சிமென்ட் பசை வெறுமனே ஒட்டாது. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து, வெல்டிங் மாதிரி இணைக்கும். ஈரம் காயும் முன் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். 1999-ல் மாமாவின் கட்டைவிரல். மாடல் செய்பவர்கள் பார்த்தால் 'தேய்த்து எடு' என்பார்கள். நான் உப்புத்தாளை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை.

மேல் இறக்கை, பரண் வெயிலில் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, விரலால் மெதுவாக நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீர். மூன்று தடவை செய்த பிறகு வழிக்கு வந்தது. ஒரு எச்சரிக்கை. இந்த இறக்கை முழுக்கத் தட்டையாக இருக்கக் கூடாது, இரண்டு நுனியும் லேசாக மேலே தூக்கியிருக்க வேண்டும். நான் முதலில் ஸ்கேல் வைத்து நேராக்கிவிட்டு, மறுபடி வளைத்தேன்.

வட்ட அடையாள ஸ்டிக்கர்கள் மஞ்சள் பூத்திருந்தன. பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்றார்கள். ஒரு வாரத்தில் உண்மையாகவே வெளுத்தது. ஆனால், பழைய ஸ்டிக்கர் தண்ணீரில் நனைந்ததும் துண்டு துண்டாகும். முன்கூட்டியே மேலே ஒரு கை வார்னிஷ் அடித்துக் காயவிட்டதால் தப்பித்தது.

சரி, அந்த எட்டுக் கால்கள். யூடியூப் வீடியோக்களை 2x வேகத்தில் பார்த்துவிட்டேன். பசை 2x-ல் காய மறுக்கிறது. மடியில் விழுந்த ராத்திரிக்கு மறுநாள், மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். செல்போனைக் கண்ணுக்கு நேராக வைத்து, தலையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார்.

"மேல் இறக்கையை ஏம்மா மேலே வைக்கறே?"

"மேல் இறக்கைன்னா மேலேதானே மாமா வைக்கணும்?"

"கவுத்துப் போடு. அது மேஜையில படுத்துக்கட்டும். விமானத்தைத் தலைகீழா அதுமேல இறக்கு. 25 வருஷம் கழிச்சுத்தான் எனக்கே புத்தி வருது பாரு."

அதேதான். கனமான பக்கம் கீழே இருந்தால் எதுவும் வழுக்காது. தீப்பெட்டிகளை அடுக்கி, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் முட்டுக்கொடுத்தேன். சூப்பர் க்ளூ வேண்டாம், மெதுவாகக் காயும் சிமென்ட். முதல் நாள் நடுவில் இருக்கும் நாலு கால்கள் மட்டும். பின்னால் இருந்து பார்த்து, வால் இறக்கையும் மேல் இறக்கையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, ராத்திரி முழுக்க விட்டேன். மறுநாள் வெளிக்கால்கள் நாலு. காலையில் நிமிர்த்தி வைத்தபோது, இறக்கை நின்றது. ஆபீஸுக்குப் போகிற வழியெல்லாம் மெட்ரோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான். அடுத்தது கம்பி.

அந்தக் காலத்து விமானங்களில் மரச்சட்டம், துணி உறை. இரண்டு இறக்கையும் பிய்த்துக்கொண்டு போகாமல் பிடித்திருப்பது, குறுக்கும் நெடுக்கும் இழுத்துக்கட்டிய கம்பிகள். பறக்கும்போது இறக்கை மேலே தூக்கப் பார்க்கும். அதைக் கீழிருந்து பிடிக்கச் சில. தரையில் நிற்கும்போது இறக்கையின் கனத்தைத் தாங்க வேறு சில. கட்டில் கயிறு மாதிரிதான், ஒன்று தொய்ந்தாலும் தெரியும். நிஜக் கம்பி ஒரு பென்சில் கனம் என்று வைத்தால்கூட, 72-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

தையல் நூல் கட்டிப் பார்த்தேன். அந்த அளவில் அது சணல் கயிறு. என் தலைமுடியை ஒட்டிப் பார்த்தேன். சென்னை ஈரக்காற்றில் அது என் பேச்சையே கேட்காது, விமானத்தின் பேச்சையா கேட்கும்?

பழைய மாடல்காரர்கள் செய்வது வேறு. மிச்சமான சட்டத்துண்டை மெழுகுவத்தி நெருப்புக்கு மேலே காட்டி, நடுவில் பளபளத்து இளகியதும் நெருப்பிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். மெல்லிய இழையாக வரும். சொல்ல எளிது. நான் இழுத்தபோது ஒரு முனை குச்சி, மறு முனை சிலந்தி வலை. ஏழெட்டு தடவை ஆனதும் அம்மா டிவியை நிறுத்திவிட்டு வந்தார்.

"குடு இங்க. ஏன் இப்படி வெடுக்குன்னு இழுக்கறே?"

என் அம்மா பூக்கட்டினால் நூலில் ஒரு இடத்தில்கூட முடிச்சு தெரியாது. ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் செய்பவர். அவர் இழுத்தார். ஒரே சீராக, பட்டு இழை மாதிரி ஒரு முழம் நீளம். "இளகினதும் ஒரு நொடி பொறுக்கணும். அப்புறம் ஒரே வேகத்துல போகணும், நடுவுல யோசிக்கக் கூடாது" என்றார். ஆரி வேலைக்கு வைத்திருக்கும் லென்ஸ் விளக்கும், மணி பொறுக்கும் ட்வீசரும் அன்றிலிருந்து என் மேஜைக்கு இடம் மாறின.

ஜியோமெட்ரி பாக்ஸ் டிவைடரால் இரண்டு முனைக்கும் தூரத்தை அளந்து, அதே நீளத்தில் இழையை வெட்டி, முனையில் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை ஒரு புள்ளி. நான் அளக்க, அம்மா வைக்க, ஒரு ராத்திரிக்கு நாலு கம்பி. தப்பானால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம் என்பதுதான் வெள்ளைப் பசையின் புண்ணியம். நிஜத்தில் இரட்டையாகப் போகும் கம்பிகளை ஒற்றையாக்கிக்கொண்டேன். அப்படியும் வாலில் இருப்பவற்றைச் சேர்த்து 20.

எல்லாம் முடிந்து பார்த்தால், ஐந்தாறு கம்பிகள் கொடிக்கயிறு மாதிரி தொய்ந்திருந்தன. மறுபடி வீடியோ கால்.

"அக்கா, பூஜை ரூம்ல ஊதுபத்தி இருக்கா?" என்றார் மாமா, அம்மாவிடம்.

"எதுக்குடா, இதுக்குப் பூஜை போடணுமா?"

"கொளுத்தி, அந்தக் கனலைக் கம்பிக்குக் கிட்ட கொண்டுபோ. தொடாதே. சூடு பட்டா போதும்."

கொண்டுபோனேன். கண்ணெதிரே, தொய்ந்த இழை மெள்ளச் சுருங்கி, வீணைத் தந்தி மாதிரி நேரானது. இழுத்து நீட்டிய பிளாஸ்டிக், சூடு பட்டால் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால், அம்மாவும் நானும் ஒரு நிமிடம் பேசவில்லை. அடுத்த கம்பியில் ஆர்வக்கோளாறில் கனல் பட்டு, அது இரண்டாக அறுந்தது. அதை மட்டும் திரும்பக் கட்டினோம். 'ரெண்டு ரோஜா ஊதுபத்தி செலவு' என்று அம்மா கணக்கு எழுதிக்கொண்டார்.

மேலே காக்கியும் பச்சையும் கலந்த பழுப்பு, அடியில் கோராத் துணி நிறம். அடிவயிற்றில் பெயின்ட்டை மெலிதாகவே அடித்தேன்.

போன வியாழக்கிழமை மாமா வந்தார். செக்கப்பில் ரிப்போர்ட் போன தடவை மாதிரியே இருக்கிறதாம், மோசமாகவில்லை. காபியைக் குடித்துவிட்டு, மேஜை முன் உட்கார்ந்தார். விமானத்தைத் தொடவில்லை. லென்ஸ் விளக்கை இழுத்து, தலையை இடதுபக்கம் சாய்த்து ஒரு தடவை, வலதுபக்கம் சாய்த்து ஒரு தடவை. பிறகு மெதுவாக எடுத்துத் திருப்பி, அடிப்பக்கம் பார்த்தார். கட்டைவிரலை அந்த ரேகைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார்.

அம்மா, "எப்படிடா இருக்கு?" என்றார்.

"நல்லாருக்குக்கா." மறுபடி லென்ஸை இழுத்தார். "ஏம்மா, இறக்கை ஓரத்துல ஆடுற பலகை இருக்கே, அய்லரான்... அதுக்குப் போற கம்பி எங்கே? ரெண்டு பக்கமும் காணோமே?"

யாருக்கும் தெரியாது என்று நினைத்து நான் விட்ட கம்பிகள் அவை.

அம்மா எழுந்துபோய் மெழுகுவத்தியை எடுத்து வந்தார்.