நச்சரிக்காத ஒருவரைத் தேடுங்கள்

பெருமதிப்பிற்குரிய நிர்வாக அறங்காவலர் அவர்களுக்கு,

தங்கள் அறக்கட்டளையின் முதியோர் இல்லத்துக்கு மாதாமாதம் சிறுதொகை அனுப்பிவரும் பலரில் நானும் ஒருவன். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வாரம் வந்த தங்கள் வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் பார்த்தேன். உயில்வழிக் கொடை திரட்ட மேலாளர் தேவை, எம்.பி.ஏ. படிப்பு, விற்பனைத் துறையில் ஐந்தாண்டு அனுபவம், வயது 35க்குள்; வெளிநாட்டுப் பயிற்சி இருந்தால் முன்னுரிமை; ஆண்டு இலக்கை எட்டினால் திரட்டிய தொகையில் சதவீத ஊக்கத்தொகை. தங்களுக்குத் தனியாகவே எழுதியிருப்பேன். ஆனால் இதே வாசகங்கள் வேறு அறக்கட்டளைகளின் விளம்பரங்களிலும் வருகின்றன. அதனால்தான், பெயரை மட்டும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்க எழுதுகிறேன்.

கேட்க முன்வந்தது நல்ல காரியம். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று பயப்படுகிறவர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையில்லாத ஓய்வுபெற்ற ஆசிரியைகள், இருக்கிற ஒரு வீட்டை யாருக்கு விடுவது என்று தெரியாமல் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்ப் பேச ஆள் வேண்டும்தான். அந்த ஆள் யார் என்பதில்தான் எனக்குத் தங்களோடு வழக்கு.

முதலில் அந்தச் சதவீதம். உயில் என்பது எழுதியவர் கண்ணை மூடிய பிறகே நடைமுறைக்கு வரும் காகிதம். அதுவரை அவர் அதை எத்தனை முறையும் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். இதில் மார்ச் மாதத்துக்குள் எட்ட என்ன இலக்கு இருக்கிறது? இலக்கு வைத்தால் அந்த மேலாளர் உயில் பேசப் போன இடத்தில் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வருவார். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் சொத்து அப்போதே கைமாறிவிடும். பிறகு மனம் மாறினால் கோர்ட் வாசல்தான். பெரியவர்கள் பலருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் நிதி திரட்டுவோரின் தொழில்முறைச் சங்கமே, திரட்டும் தொகையில் சதவீதம் வாங்கக் கூடாது என்று தன் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டுப் பயிற்சியில் மற்றதெல்லாம் இங்கே பெரிதாக உதவாது. பிரிட்டனில் வரம்புக்கு மேற்பட்ட சொத்துக்கு இறந்த பின் 40 சதவீதம் வரி. அறப்பணிக்கு எழுதிவைத்தால் அந்தப் பங்குக்கு வரி கிடையாது. அங்கே பாதிப் பேச்சைக் கணக்கே பேசிவிடும். நம் நாட்டில் மரணவரி 1985இலேயே போய்விட்டது. நன்கொடைக்கான வருமான வரிச் சலுகையும் உயிரோடிருக்கும்போது கொடுப்பதற்குத்தான். ஆகவே இங்கே உயிலில் அறத்துக்கு எழுதுகிறவர் மனம் ஒப்பி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். ஒரு தொண்டு நிறுவனத்தின் காரில் வந்து இறங்கினார். கூட வந்த இளைஞர் சுறுசுறுப்பானவர். உயிலை எழுதிக் கொண்டுவந்தது அவர், பதிவுக் கட்டணம் கட்டியது அவர், இரண்டு சாட்சிகளில் ஒருவரும் அவர். "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "தம்பிக்குத் தெரியும்" என்றார் பெரியவர். அன்று பதியாமல் திருப்பி அனுப்பினேன். இளைஞருக்கு என்மேல் கோபம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இலக்கு இருந்தது.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, அதன் 61ஆம் பிரிவில் மோசடி, வற்புறுத்தல் இரண்டோடு நிற்கவில்லை. ஒருவரின் சுய விருப்பத்தையே பறிக்கும் அளவுக்கு நச்சரித்து வாங்கிய உயிலும் செல்லாது என்கிறது. பலன் பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்திருந்தால் அந்த உயில்மேல் எழும் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1958இல் சொல்லிவிட்டது. விற்பனையில் 'விடாமல் பின்தொடர்வது' என்று புகழப்படும் குணம், இந்த வேலையில் உயிலையே கவிழ்க்கும்.

நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எண்பது வயது அம்மா ஒருவர் வீட்டை நமக்கு எழுதுவதாகச் சொல்கிறார். கைம்பெண்ணான மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். என்ன செய்வீர்கள்? "நாளைக்கே வக்கீலோடு போவேன்" என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். "மகளுக்குத் தெரியுமா என்று கேட்பேன், நம் வக்கீல் வேண்டாம், அவருக்குத் தெரிந்த வக்கீலைப் பார்க்கச் சொல்வேன், மகள் காலம் வரை குடியிருந்துவிட்டுப் பிறகு நமக்கு வரும்படி எழுத முடியுமா என்று விசாரிக்கச் சொல்வேன்" என்று இழுத்து இழுத்துப் பேசுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். சட்டம் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் நாமினி போட்டாலே பணம் அந்த நாமினிக்குச் சொந்தமாகிவிடாது என்பது போன்ற அடிப்படை தெரிந்தால் போதும்.

வாங்கியதோடு வேலை முடிவதுமில்லை. பச்சையப்ப முதலியார் தம் அறங்களுக்காக உயில் எழுதியது 1794இல். சொத்து வழக்குகளில் சிக்கிக் கிடந்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் மெனக்கெட்டு மீட்டு, சேர்ந்திருந்த மிச்சப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோது 1842 ஆகிவிட்டது. சர்வே எண் சரியா, நிறைவேற்றுநர் யார், அவர் உயிரோடிருக்கிறாரா என்று ஆண்டுக்கொரு முறை விசாரிக்கும் ஆள் வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர் உழைப்பின் பலனை அவருக்குப் பின்னால் வருகிறவர்தான் கணக்கில் எழுதுவார். அதற்குச் சம்மதிக்கிற மனசுக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கொடுங்கள். 'தொண்டுதானே' என்று குறைக்காதீர்கள். எத்தனை வீட்டுக்குப் போனார், எத்தனை பேர் திரும்ப வரச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், தலைமையாசிரியை, போஸ்ட் மாஸ்டர் என்று எத்தனையோ பேர் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஊர் அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசும். 'வயது 35க்குள்' என்ற வரியால் அவர்களில் ஒருவர்கூட விண்ணப்பிக்க முடியாது. அந்த வரியையும் சதவீத வரியையும் எடுத்துவிட்டு, கடைசித் தேதியைத் தள்ளிவைத்து விளம்பரத்தை மறுபடி போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வருகிறவர் முதலில் தங்கள் குழு உறுப்பினர்களிடம்தான் போவார். அதற்குள் தங்கள் உயிலை எழுதி வைத்துவிட்டால் அவருக்குப் பேச்சைத் தொடங்கச் சுலபமாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவன்