குடத்து நீரும் குருட்டு மதியும்

என் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று காரணம் கேட்டேன். "தம்பி பிறந்தான் ஐயா. பால் கொடுத்தார்கள். நீலம் பாரித்துப் போய்விட்டான்" என்றாள். மனப்பாடப் பாடலை ஒப்பிப்பது போல் ஒப்பித்தாள்!

மாலையில் அவள் இல்லம் சென்றேன். தந்தை என் முன் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, ஏழாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் தாள். பனிக்குட நீர் 31 செ.மீ.; மிகுதி; பெரிய மருத்துவமனைக்குச் செல்க என்றிருந்தது அதில். மற்றொன்று, பாதி தீர்ந்த கஷாயப் புட்டி. "ஆயுர்வேத வைத்தியர், நீரை வடித்துவிடலாம் என்றார். நம்பினோம்" என்றார். நம்பினார்களாம்! அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நூற்றாண்டு இருள் குடியிருக்கிறது!

பனிக்குட நீர் என்ன, பானையில் தேங்கிய மழைநீரா, வடித்துக் கொட்டுவதற்கு? கருக்காலத்தின் பிற்பாதியில் அந்நீரின் பெரும்பகுதி, சிசு கழிக்கும் சிறுநீரே. அதனையே சிசு நாள்தோறும் நூற்றுக்கணக்கான மில்லி லிட்டர் விழுங்கவும் செய்கிறது. கழிப்பதும் விழுங்குவதும் ஒத்திருக்கும் வரை அளவு நிற்கும். தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறினால், சிசு மிகுதியாகக் கழிக்கும். சிசுவின் உணவுக்குழாய் அடைபட்டிருந்தால், விழுங்க இயலாது. சிசுவுக்குக் கடும் இரத்தசோகை இருப்பினும் நீர் பெருகும். காரணம் அகப்படாமல் பெருகுவதும் உண்டு. ஆக, நான்கு இடங்களில் அளந்த ஆழங்களின் கூட்டுத்தொகை 25 செ.மீட்டரைத் தாண்டுவது நோயன்று; அறிவிப்பு மணி! மணி ஒலித்தால் தீ எங்கே என்று தேடுவான் அறிவுடையோன். மணியின் நாவை அறுக்கப் பார்ப்பான் மூடன்.

வைத்தியர் செய்தது என்ன? வாதம் என்றார், கபம் என்றார். மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுத்தார். அவை சிறுநீரைப் பெருக்கும் என்பர். பெருகட்டும்! பெருகுவது யார் சிறுநீர்? தாயின் சிறுநீர்! சிசுவின் அடைபட்ட குழாயை அது திறக்குமா? கால் வீக்கத்துக்கு வைத்த மருந்தைக் கருவின் குடத்துக்கு வைப்பது, கிணறு நிரம்பியதற்கு வீட்டுத் தொட்டியைத் திறந்துவிடுவது போலன்றோ!

"கஷாயம் குடித்து நீர் குறைந்தவர்கள் உண்டே!" என்பர். உண்டு. மிதமாகப் பெருகிய நீர், எதுவும் குடியாதவர்க்கும் தானே குறைவதுண்டு. சேவல் கூவியதால் கதிரவன் உதித்தான் என்று கணக்கெழுதலாமா?

"மூலிகைதானே, தீங்கில்லை" என்பர். 2011, 2012 ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில், இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை உண்ட கர்ப்பிணிகள் அறுவரின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை அந்நகரச் சுகாதாரத் துறை கண்டறிந்தது. ஈயம் கருவின் மூளையைத் தாக்கும் நஞ்சு!

"முன்னோர் மருத்துவத்தைப் பழிக்கிறாயே!" என்று சினப்பர். பழிக்கவில்லை, சோதிக்கச் சொல்கிறேன். சர்ப்பகந்தி நம் நாட்டு வேர். பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல் அதனை நோயாளிகளிடம் சோதித்து, இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1949 இல் உலகுக்கு அறிவித்தார். 1952 இல் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. கேள்விக்கு நின்றது, வென்றது! கேள்விக்கு அஞ்சுவது மருத்துவமன்று, மதம். தமிழர் சொத்தெனப் போற்றும் சித்த மருத்துவத்துக்கும் இதுவே என் உரைகல். நம்முடையது என்பதற்காகச் சலுகை தாரேன்.

செய்யத்தக்கது யாது? 75 கிராம் குளுக்கோசு குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் தருவது. சர்க்கரை 140 மில்லி கிராமை எட்டினால் உணவாலும் இன்சுலினாலும் அடக்குவது. சிசுவின் உறுப்புகளை நுணுகி ஸ்கேனில் காண்பது. மூச்சுத் திணறும் அளவு நீர் மிகுந்தால், தேர்ந்த மருத்துவர் ஊசி வழியே எடுப்பது. கொப்பூழ்க்கொடி முன்னே நழுவலாம், பேறு முடிந்தபின் குருதி பெருகலாம் என்பதால், அறுவை வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிள்ளை பெறுவது.

அந்தச் சிறுவனுக்கு உணவுக்குழாய் மூடியிருந்ததாம், இறந்தபின் சொன்னார்கள். பிறந்தவுடன் பால் புகட்டாமல், உமிழ்நீரை உறிஞ்சி எடுத்து, அறுவை செய்திருக்கலாம். அமெரிக்க மருத்துவர் காமரன் ஹெய்ட் 1941 இலேயே அக்குழாயை இணைத்துப் பிழைக்க வைத்தார். ஏழாம் மாதத்து மணி அதற்காகத்தான் ஒலித்தது!

தந்தையை நான் குறை கூறேன். அவர் ஏழை, அஞ்சினார். அச்சத்தை ஆற்றுப்படுத்தி அறிவு சொல்ல அருகில் எவரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கஷாயப் புட்டி நுழைந்தது. அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர்கள், படித்த நாம்!

அந்தச் சிறுமி மறுநாள் கேட்டாள்: "ஐயா, மருந்து குடித்தும் தம்பி ஏன் செத்தான்?"

அந்த 'ஏன்' என்பதை அன்றே வைத்தியரிடம் ஒருவர் கேட்டிருந்தால், அவள் என்னிடம் கேட்க நேர்ந்திராது.