பழுது பார்க்கப் போன இடத்திலே...

உங்கள் வீட்டுத் தையல் மிஷின் இருபது வருஷம் ஒழுங்காக உழைத்திருக்கும். ஒரு நாள் ரிப்பேருக்குப் போகும். திரும்பி வரும்போது பழைய கோளாறோடு புதுக் கோளாறு ஒன்றையும் கூட்டிக்கொண்டு வரும்! இந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இல்லை, சொல்லுங்கள்?

பழவேற்காடு ஏரியைச் சேர்ந்த சுண்ணாம்புக்குளத்துக்கு ஒரு முறை போயிருந்தேன். கரையில் ஒரு படகுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, ஒரு பெரியவர் பலகை மாற்றிக்கொண்டிருந்தார்.

"படகுக்கு என்ன வயசு, தாத்தா?" என்று கேட்டேன்.

"எதைக் கேக்கற தம்பி? அடிப்பலகைக்கு ஒரு வயசு, மேல்பலகைக்கு ஒரு வயசு" என்று சிரித்தார். பிறகு, "தண்ணியில ஓடற வரைக்கும் பயமில்ல. கரையில ஏத்தும்போதுதான் பயம். வலை, எஞ்சின் எல்லாத்தையும் மொதல்ல எறக்கிடணும். இல்லேன்னா முதுகு முறிஞ்சிடும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கப்பலின் ஞாபகம் வந்துவிட்டது. இதே வங்கக் கடலில், தெற்கே திருகோணமலையில் விபத்துக்குள்ளான பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'வாலியண்ட்'.

வாலியண்ட் 1914-ல் நீரில் இறங்கியது. 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு. அந்தக் காலத்துக் கப்பல்கள் பலவும் கரியை விழுங்கிக்கொண்டிருந்தபோது, இது எண்ணெயில் ஓடியது. 1916-ல் ஜட்லண்ட் என்ற பெரிய கடற்போரில் கலந்துகொண்டு, பெரிய காயமில்லாமல் திரும்பியது.

வயதாகிவிட்டதே என்று அதை உடைத்துப் போடவில்லை. 1929-30-ல் இரண்டு புகைபோக்கிகளை ஒன்றாக்கினார்கள். 1937-லிருந்து 1939 வரை பிரித்து மேய்ந்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். பழைய பாய்லர்கள் 24-ஐ எடுத்துவிட்டு, புதிதாக 8 வைத்தார்கள். பீரங்கிகள் முன்னைவிட உயரமாக வாய் தூக்கிச் சுட வழி செய்தார்கள். அதனால் குண்டு இன்னும் தூரம் போயிற்று. விமானங்களை விரட்டப் புதுப் பீரங்கிகள் வந்தன. பாட்டிக்குப் பல் கட்டி, கண்ணாடி மாட்டி, புதுப்புடவை உடுத்திவிட்டது போலத்தான்!

புதுப்பித்த கப்பல் நன்றாகவே உழைத்தது. 1941 மார்ச்சில் மாட்டபான் என்ற இடத்தில் நடந்த இரவுப் போரில் இதன் தேடுவிளக்கைக் கவனித்தவர் ஓர் இளம் அதிகாரி. பிற்காலத்தில் எலிசபெத் ராணியின் கணவரான பிலிப்தான் அவர்.

அதே வருஷம் டிசம்பர் 19. அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்தில் இத்தாலிய முக்குளிப்பு வீரர்கள் இரண்டு பேர் கப்பலின் அடியில் வெடிகுண்டை வைத்துவிட்டுப் பிடிபட்டார்கள். காப்டன் மார்கன் அவர்களைக் கப்பலின் அடித்தளத்திலேயே அடைத்து வைத்தார். அவர்களில் ஒருவரான டி லா பென்னே, வெடிக்கச் சற்று நேரம் இருக்கும்போதுதான் காப்டனை எச்சரித்தார். கப்பல் துறைமுகத்தின் தரையில் உட்கார்ந்தது. அதையும் செப்பனிட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள். இத்தாலி கட்சி மாறிய பிறகு, 1945-ல் டி லா பென்னேயின் மார்பில் வீரப் பதக்கத்தைக் குத்தியவர் யார் தெரியுமா? அதே மார்கன்தான்!

இத்தனையும் தாண்டிய வாலியண்ட், 1944-ல் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. அங்கே 'மிதக்கும் டாக்' ஒன்று இருந்தது. அது ஒரு பிரமாண்டமான தொட்டி. அதன் அறைகளில் நீரை நிரப்பினால் அமிழும். கப்பல் உள்ளே வந்து நிற்கும். நீரை இறைத்துவிட்டால் கப்பலோடு மேலே எழும்பும். கப்பலின் பாரம் எங்கே எவ்வளவு என்று பார்த்து அதற்குத் தக்கபடி அறைகளைக் காலி செய்ய வேண்டும்.

ஆகஸ்டு 8-ந் தேதி அந்தக் கணக்குத் தவறிவிட்டது. போதாக்குறைக்கு, கப்பல் நிறையப் பீரங்கிக் குண்டுகள் இருந்தன. அவற்றை இறக்கவில்லை. தூக்கிக்கொண்டிருக்கும்போதே டாக்கின் முதுகு முறிந்தது, டாக் மூழ்கிற்று. வாலியண்ட் மூழ்காமல் தப்பியது. ஆனால் உள்பக்கத்து இரண்டு உந்துசக்கரங்களும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. அப்புறம் கப்பலால் நேராகப் போகக்கூட முடியவில்லை. தட்டுத் தடுமாறி இங்கிலாந்து சேர்ந்தது. மறுபடி சண்டைக்குப் போகவில்லை. 1948-ல் உடைக்க விற்றார்கள்.

எதிரியால் முடியாததை, செப்பனிடப் போன இடத்தில் இறக்காமல் விட்ட சுமை செய்துவிட்டது.

நம் வீடுகளிலும் ஒரு 'வாலியண்ட்' உண்டு. ஜுரம் வந்தால், "நீ படுத்துக்கோ அம்மா" என்கிறோம். அவளும் படுத்துக்கொள்கிறாள். ஆனால் பால் கணக்கு, பள்ளிக்கூடப் பணம், ராத்திரிச் சமையல் எல்லாம் அவள் தலையிலேயே இருக்கின்றன! இப்படிப் படுத்தால் உடம்பு எப்படித் தேறும்?

அவளைப் படுக்கச் சொல்லுமுன், சுண்ணாம்புக்குளத்துப் பெரியவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வலையை இறக்குங்கள்.